நாற்பத்தெட்டுக் கிண்ணங்களும் ஒரு ஜன்னலும்

அவளுக்குப் பட்டம் கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவில் எல்லோரும் அவளை டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்களுக்கு டிகிரி அக்கா. வீட்டுச் சுவர்களில் டிஷ் ஆண்டெனா மாட்டுவது அவள் தொழில். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் சிக்னல் மீட்டருமாக, "இன்னும் ரெண்டு டிகிரி... ஒரு டிகிரி... அரை டிகிரி... ஆங், உக்காந்துடுச்சு!" என்று கீழே நிற்கும் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சத்தம் போடுவாள். அதைக் கேட்டுக் கேட்டுத் தெரு வைத்த பேர் அது.

இந்தப் பேரால் அவள் கல்யாணத்திலேயே குழப்பம் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இவள் டிஷ் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் லிஃப்ட் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அப்படிப் பழக்கம். வீட்டில் போய், "பேரு டிகிரிம்மா, நல்ல பொண்ணு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா காதில் அது "டிகிரி, நல்ல பொண்ணு" என்று விழுந்தது. சொந்தபந்தம் முழுக்க, மருமகள் பட்டதாரி என்று செய்தி பரவிவிட்டது. கல்யாணம் முடிந்த மறுவாரம் மாமியார் ஆசையாக, "எதுலம்மா டிகிரி?" என்று கேட்டார்.

"அது எடத்தைப் பொறுத்தது அத்தை" என்றாள் இவள். "நம்ம ஏரியாவுக்கு இருபத்தெட்டு."

மருமகள் இருபத்தெட்டுப் பட்டம் வாங்கியவள் என்று நம்பி, மாமியார் இரண்டு நாள் அவளிடம் பேசவே பயந்தார்.

உண்மை என்னவென்றால், பள்ளி இறுதித் தேர்வில் அவள் கணக்கில் தேறவில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி இருக்கிறது, அதிலிருந்து வட்டத்தைத் தொடும்படி கோடு வரை என்று ஒரு கேள்வி. புள்ளியை வைத்தாள். வட்டத்தையும் போட்டாள். மணி அடித்துவிட்டது. அதன்பிறகு டிவி ரிப்பேர்க் கடை ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே டிஷ் மாட்டுகிறவர் ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்ள, அவருக்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு மட்டும் என்று ஏறியவள் பத்தொன்பது வருஷமாக இறங்கவில்லை.

லிஃப்ட்காரருக்குத் தன் மனைவியின் தொழிலில் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டார்.

"அந்த சேட்டிலைட் எப்படி வானத்துல ஒரே எடத்துல நிக்குது? கேபிள் இல்ல. பிரேக் இல்ல."

டிகிரி பெரிய வட்டத் தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு வெங்காயத்தை வைத்தாள். "வெங்காயம்தான் பூமி. தட்டோட விளிம்பு இருக்கே, அதுதான் பாதை. வெங்காயத்தோட தோல்ல இருந்து விளிம்பு வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு சாண். நெசத்துல முப்பத்தஞ்சாயிரத்து எழுநூத்தி எண்பத்தாறு கிலோமீட்டர்."

"சரி."

"வெங்காயம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள விளிம்புல இருக்கறதும் சரியா ஒரு சுத்து சுத்திடும். ரெண்டும் சேர்ந்து சுத்தறதால, வெங்காயத்து மேல நிக்கற நமக்கு அது ஒரே எடத்துல நிக்கற மாதிரி தெரியும். கிட்டத்துல இருந்தா வேகமா ஓடிடும், தள்ளி இருந்தா பின்தங்கிடும். இந்த ஒரு சாண் தூரத்துலதான் கணக்கு ஒத்துப்போகும். அதுவும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலதான். தட்டைச் சாய்ச்சா அது மேலயும் கீழயும் ஊசலாடும்."

"அதெல்லாம் சரி. ஏன் விழமாட்டேங்குது?"

"விழுந்துட்டேதான் இருக்கு."

லிஃப்ட்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"விழுந்துட்டே இருக்கு, ஆனா பக்கவாட்டுலயும் ஓடுது இல்லையா, அது விழற அளவுக்குப் பூமியும் வளைஞ்சு விலகிடுது. அதனால கீழ வந்து சேரவே சேராது."

அவர் அதன்பிறகு சாப்பிடவில்லை. மறுநாள் காலை, தன் பொறுப்பில் இருந்த பதினான்கு லிஃப்டுகளின் பிரேக்கையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

நான் குடியிருந்த கட்டடத்துக்கு ஆறு மாடி. தெருவைப் பார்த்த சுவரில் நாற்பத்தெட்டு டிஷ்கள் இருந்தன. எல்லாம் டிகிரி மாட்டியவை. என்னுடையது நான்காவது மாடியில், இருபத்தேழாவது. அதற்கு நம்பர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. எதிர் வீட்டுப் பதிவாளர் அம்மாதான் நம்பர் போட்டவர்.

அவர் முப்பத்திநான்கு வருஷம் பதிவு அலுவலகத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஊரில் நடந்த எல்லாவற்றையும் பதிந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அந்தப் பக்கம், நாலு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். காலை ஒன்பது மணிக்கு மடிப்புக் கலையாத உடுப்பு, வாரிய தலை, மேல்சட்டையில் ஒரு பேனா, இவற்றோடு ஜன்னலோரம் நாற்காலியில் வந்து உட்காருவார். மாலை ஐந்துக்கு எழுந்துபோவார். நடுவில் மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. எங்களுக்கு அவர் பேரில் மரியாதை கலந்த பயம்.

அவர் ஒருநாள் புகார் கொடுத்தார். பக்கத்து வீட்டுத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அலுவலகம் ஒன்று எங்கள் வட்டாரத்தில் உண்டு. அங்கே போய், எதிர்க் கட்டடத்துச் சுவரில் உள்ள நாற்பத்தெட்டுக் கிண்ணங்களும் மழை வெயில் பாராமல், கண் இமைக்காமல், பதினோரு வருஷமாகத் தன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, உடனே அவற்றை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே நாற்பத்தெட்டுக்கும் வரிசை எண் போட்ட வரைபடம்.

செய்தி கேட்டதும் டிகிரி நேரே அவர் வீட்டுக்குப் போனாள். சமாதானமாகப் பேசி முடித்துவிடலாம் என்று என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது உங்களைப் பாக்கல. உங்க தலைக்கு மேல பாக்குது."

"என் தலைக்கு மேல என்ன இருக்கு?"

"கூரை."

"கூரைக்கு மேல?"

"வானம். அங்கதான் சேட்டிலைட் இருக்கு. இருபத்தெட்டு டிகிரி உசரத்துல."

பதிவாளர் அம்மா ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். "வானத்தைப் பாக்கறவன் அண்ணாந்து பாப்பான். இதுங்க நேரா பாக்குது. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். நாற்பத்தெட்டு வெள்ளை முகங்கள், ஒன்றுகூட அண்ணாந்திருக்கவில்லை. அத்தனையும் செங்குத்தாக நிமிர்ந்து, நேராக எங்களையே பார்த்தன.

டிகிரி விளக்கினாள். இந்த மாதிரி டிஷ், முழுக் கிண்ணம் இல்லை. பெரிய கிண்ணம் ஒன்றின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனால் அதன் முகம் ஒரு பக்கம் இருக்கும், பார்வை அதைவிட இருபத்திநான்கு டிகிரி மேலே போகும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மாதிரியான கருவி சிக்னலை மறைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

"மாறுகண் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்" என்றாள். "உங்களைப் பாக்கற மாதிரியே இருக்கும். ஆனா பார்வை வேற எங்கயோ."

"நாற்பத்தெட்டுக்கும் மாறுகண்ணா?"

"நாற்பத்தெட்டுக்கும்."

"அதெப்படி எல்லாத்துக்கும் ஒரே அளவு?"

"பாக்கறது அவ்வளவு தூரத்துல இருக்கும்மா. தெருவுக்கு அந்தக் கோடியில நின்னு பார்த்தாலும் இந்தக் கோடியில நின்னு பார்த்தாலும் ஒரே பக்கம்தான்."

பதிவாளர் அம்மா பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பிறகு பார்த்தோம். "எதிர்த்தரப்பு, கிண்ணங்கள் மனுதாரரின் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருப்பதை ஒப்புக்கொண்டது" என்று புகாரோடு அதையும் சேர்த்துவிட்டிருந்தார்.

விசாரணை நாளில் எங்கள் கட்டடத்திலிருந்து பாதிப் பேர் போனோம். அதிகாரி ரொம்ப நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார். எதையும் பாதியில் விடமாட்டார். அவர் கையில் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம் என்பது போகப் போகத் தெரிந்தது.

"நீங்க நிபுணரா?" என்று டிகிரியைக் கேட்டார்.

"ஆமா சார்."

"டிகிரி இருக்கா?"

"நான்தான் சார் டிகிரி" என்றாள் வாய் தவறி. நாங்களும் பின்னாலிருந்து, "ஆமா சார், டிகிரிதான்!" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னோம். அதிகாரி எழுதப் போனார். டிகிரியின் முகம் சிவந்துவிட்டது.

"சார், எழுதாதீங்க. அது பேரு. படிப்பு இல்ல. பள்ளிக்கூடத்துல கணக்குல ஃபெயில்."

பத்தொன்பது வருஷத்தில் வேலை விஷயமாக யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது. அதிகாரி "நிபுணர்" என்பதை அடித்துவிட்டு, "அக்கம்பக்கத்தார்" என்று எழுதினார்.

"சரி, இந்தக் கிண்ணமெல்லாம் யாரைப் பாக்குது?"

"சேட்டிலைட்டை சார்."

"அப்போ தகராறுக்குக் காரணம் அவர். அவரையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும். எங்க இருக்கார்?"

"நிலநடுக்கோட்டுக்கு நேர் மேல சார். ஒரே எடத்துல நிலையா நிக்கும்."

"நிலையா!" அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. படிவத்துல நிலையான முகவரின்னு ஒரு கட்டம் இருக்கு. பல பேர் அதை நிரப்பறதே இல்ல. சொல்லுங்க, எத்தனையாவது மாடி?"

டிகிரி திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். லிஃப்ட்காரருக்கு அது அவருடைய துறை. மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்து, பேப்பரில் வகுத்துப் பார்த்து எழுந்து நின்றார்.

"ஒரு கோடியே பத்தொன்பது லட்சத்து இருபத்தெட்டாயிரத்து அறுநூத்தி அறுபத்தாறாவது மாடி சார். அதுக்கு மேல கொஞ்சம் இருக்கு."

"லிஃப்ட் வசதி?"

"இல்ல சார்" என்றார் லிஃப்ட்காரர், வருத்தமாக.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் நீட்டினார். பிறகு, "நாள் பூரா அங்கயேதான் இருப்பாரா? நோட்டீஸ் கொடுக்கும்போது வெளிய போயிட்டா?" என்றார்.

"எங்கயும் போகாது சார். ஆனா நெசத்துல ஓடிட்டேதான் இருக்கு. நொடிக்கு மூணு கிலோமீட்டர்."

பேனா நின்றது. "ஓடறாரா? இப்பத்தான் நிக்கறார்னீங்க."

"நம்ம பார்வைக்கு நிக்குது. நெசத்துல ஓடுது. இருபத்திநாலு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம் கம்மியா ஒரு சுத்து."

"அந்த நாலு நிமிஷம் எங்க போறார்?"

டிகிரி விளக்குவதற்குள் அதிகாரி, "தலைமறைவாக வாய்ப்புள்ளவர்" என்று எழுதிக்கொண்டார்.

நோட்டீஸ் தயாரானது. கோணத்தைப் பார்த்தால் அந்த இடம் கடலுக்கு மேலே வருகிறது என்று டிகிரி சொன்னதால், அதை முதலில் துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அவர்கள், அந்தப் பெயரில் கப்பல் எதுவும் இங்கே நங்கூரம் இடவில்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். நேரில் கொடுக்க முடியாத நோட்டீஸை, ஆள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில் ஒட்டலாம் என்று விதி இருக்கிறதாம். சேட்டிலைட் வழக்கமாக வந்துபோகும் இடம் டிஷ்தானே? நோட்டீஸ் ஒட்டுகிறவர் ஏணியோடு வந்தார். நாற்பத்தெட்டில் என்னுடைய இருபத்தேழைத்தான் தேர்ந்தெடுத்தார். பசையைக் குழைத்துப் பூசி, தடித்த காகிதத்தை நேராக மூக்கின் மேலேயே ஒட்டினார். அன்று மழை வேறு. ஈரக் காகிதம் மூக்கை அடைத்துக்கொண்டதால் அது காயும்வரை எனக்கு மூன்று நாள் டிவியில் படமே வரவில்லை. அரசாங்க நோட்டீஸைக் கிழித்தால் குற்றம் என்று டிகிரியும் கை வைக்க மறுத்துவிட்டாள்.

குறித்த நாளில் எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை. அவர் வராத நிலையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லி, நாற்பத்தெட்டு டிஷ்ஷையும் திருப்பச் சொல்லிவிடலாமா என்று அதிகாரி யோசிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நாங்கள் உண்மையாகவே பயந்தோம். டிகிரி எழுந்தாள்.

"சார், தீர்ப்புக்கு முன்னாடி ஒருதடவை எடத்தை வந்து பாருங்க. ஆனா நான் சொல்ற தேதியில, நான் சொல்ற நேரத்துல."

"ஏன், அன்னிக்கு என்ன?"

"அன்னிக்குத்தான் அது எங்க நிக்குதுன்னு என்னால கை நீட்டிக் காட்ட முடியும்."

வருஷத்துக்கு இரண்டு முறை அப்படி ஒன்று நடக்கும். இரவும் பகலும் சமமாக வரும் காலத்தை ஒட்டிச் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள், சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்றுவிடும். டிஷ்ஷுக்கு இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். சூரியனின் இரைச்சலில் சேட்டிலைட்டின் சன்னக் குரல் அமுங்கிவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு டிகிரிக்கு ஃபோன் வரும். "ஒண்ணும் இல்ல, சூரியன் குறுக்க வந்திருக்கார். கொஞ்ச நேரத்துல போயிடுவார்" என்பாள். அந்த நாளைத்தான் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம் என்று பேப்பரில் எழுதி, அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுத்தும்விட்டாள்.

அன்று காலையிலிருந்து மேகம். டிகிரி என் பால்கனியில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து, வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே இருந்தாள். அதிகாரி பன்னிரண்டேகாலுக்கு வந்தார். என் டிவியைப் பால்கனிக்குத் தூக்கிவந்து வைத்திருந்தோம். யாரோ ஒரு பெண் செடிக்கு மண் மாற்றுவது எப்படி என்று அதில் காட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கு அது பிடித்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிர் ஜன்னலில் பதிவாளர் அம்மா, அவருடைய இடைவேளையைத் தள்ளிவைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு மேகம் விலகியது. முப்பத்தெட்டுக்குச் செடிக்காரியின் கை ஒரு துண்டு காணாமல் போனது. நாற்பதுக்கு அவள் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. கட்டடம் முழுக்க, "ஐயோ, போச்சு!" என்று ஒரு குரல் எழும்பி அடங்கியது.

"சார், இப்பப் பாருங்க" என்று டிகிரி வெல்டிங் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். "சூரியன் எங்க இருக்கோ, அங்கதான் சேட்டிலைட். ஒண்ணு பின்னாடி ஒண்ணு."

அதிகாரி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கூரைக்கு மேல. தண்ணித் தொட்டிக்கும் மேல, நல்லாத் தள்ளி."

எதிர் ஜன்னலிலிருந்து பதிவாளர் அம்மா கத்தினார். "எங்க இருக்கு சூரியன்? எனக்குத் தெரியலையே!"

"உங்களுக்குப் பின்னாடிம்மா! கூரைக்கு மேல!"

"என் ஜன்னல்ல வெயிலே விழாது! இந்த மாசத்துல ஒருநாளும் விழுந்ததில்ல!"

"அதேதான்மா!" என்று டிகிரி தெருவைத் தாண்டிச் சொன்னாள். "டிஷ் பாக்கற எடம் உங்களுக்குத் தெரியாது. நீங்க இருக்கற எடம் டிஷ்ஷுக்குத் தெரியாது."

அதிகாரி மெதுவாக உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். சாட்சியின் பெயர் என்ற இடத்தில் சூரியன் என்று எழுதினார். கையொப்பக் கட்டத்தில் வெகுநேரம் தயங்கிவிட்டு, "சாட்சி கையொப்பமிட இயலாத தூரத்தில் உள்ளார்" என்று நிரப்பினார். அதற்குள் செடிக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

தீர்ப்பு இரண்டு வரிதான். கிண்ணங்கள் இருக்கும்படியே இருக்கலாம். எதிர்மனுதாரர் இனியும் தன் இடத்தைவிட்டு நகராமல் இருக்கும்படி கண்டிப்பாக அறிவுறுத்தப்படுகிறார். கீழே பூமியிலிருந்து சேட்டிலைட்டை ஓட்டுகிறவர்கள் அவ்வப்போது கொஞ்சம் எரிபொருளை எரித்து, நகராமல் பிடித்துவைக்கத்தான் பாடுபடுகிறார்கள் என்று டிகிரி விளக்கினாள். தன் உத்தரவுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தவர் இதுவரை யாரும் இல்லை என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

கட்டடத்தில் எல்லோரும் டிகிரியைக் கொண்டாடினோம். மாமியார் அவள் கணக்குப் போட்ட பேப்பரை அதிகாரியிடமிருந்து வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷமில்லை. எதிர் ஜன்னலில் திரை விழுந்திருந்தது. மறுநாளும் விழுந்திருந்தது. ஒரு வாரமாகியும் யாரும் ஒன்பது மணிக்கு வந்து உட்காரவில்லை.

"எனக்கென்னவோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து போனாள்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். கசங்கிய உடுப்பு. தலை வாரவில்லை. மேல்சட்டையில் பேனா இல்லை.

"உக்காரு" என்றார் பதிவாளர் அம்மா. பிறகு சொன்னார்: "பதினோரு வருஷம். காலையில எழுந்து, குளிச்சு, தேய்ச்ச துணி போட்டுட்டு வந்து உக்காருவேன். நாற்பத்தெட்டு பேர் பாக்கறாங்களே, கண்டபடி இருக்க முடியுமா? கோபமாத்தான் இருக்கும். ஆனாலும் வந்து உக்காருவேன். இப்போ என்னடான்னா, ஒண்ணுகூடப் பாக்கலையாம்."

டிகிரி திரையை லேசாக விலக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

"ஒண்ணைத் திருப்பிவிடட்டுமாம்மா?"

அவள் வீட்டில் பழைய டிஷ் ஒன்று கிடந்தது. அது பார்த்துக்கொண்டிருந்த சேட்டிலைட்டுக்கு எரிபொருள் தீர்ந்துபோனது. அப்படி ஆனவற்றைப் பாதையில் விட்டுவைக்கமாட்டார்களாம். கடைசித் துளியில் இன்னும் உயரே தள்ளி ஒதுக்கிவிடுவார்களாம். அதிலிருந்து இந்த டிஷ்ஷுக்கும் வேலையில்லை. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அந்த ஜன்னலுக்குச் சரியான நேர் எதிரே, அதை மாட்டினாள்.

மாட்டி முடித்ததும் பதிவாளர் அம்மா ஜன்னலிலிருந்து கத்தினார். "அது என்னைப் பாக்கல! தெருவைப் பாத்துட்டு நிக்குது!"

நாங்களும் பார்த்தோம். டிஷ்ஷின் முகம் நன்றாகக் குனிந்து, கீழே நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அதுக்குப் பார்வை இருபத்திநாலு டிகிரி மேல போகும்னு சொன்னேன்ல? நெசமா உங்களைப் பாக்கணும்னா இப்படித்தான் குனியணும். பாக்கற மாதிரி தெரியணும்னா நிமிர்த்தி வெக்கறேன். ஆனா அப்போ பாக்காது." ஏணியில் நின்றபடி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எது வேணும்? பாக்கற மாதிரி இருக்கணுமா, பாக்கணுமா?"

பதிவாளர் அம்மா யோசிக்க ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் ஒன்பது மணிக்குத் திரை விலகியது. தேய்த்த உடுப்பு, வாரிய தலை.

"பாக்கணும்" என்றார்.

அதனால்தான் எங்கள் சுவரில் நாற்பத்தெட்டு டிஷ் நிமிர்ந்தும் ஒன்று குனிந்தும் இருக்கின்றன. தெருவில் போகிறவர்கள், போல்ட் தளர்ந்து தொங்குகிறது என்று நினைத்து அடிக்கடி எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு வாரத்தில் டிகிரிக்கு ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தொன்பதாவது கிண்ணம் தன்னை இடைவிடாமல் உற்றுப் பார்ப்பதாகவும், இது சகிக்க முடியாதது என்றும், தேதியிட்டு, கையொப்பமிட்டு, பதிவாளர் அம்மா எழுதியிருந்தார். டிகிரி அடித்துப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"திருப்பிடவாம்மா?"

"ஐயோ, வேண்டாம்" என்றார் பதிவாளர் அம்மா. "அது அங்கயே இருக்கட்டும். புகாரும் பதிவுல இருக்கட்டும்."